மூன்று விநாடிக் கதவு

“லிஃப்ட் மெதுவா இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரிக்காரங்க உயிரை எடுக்கறாங்க. கதவு எட்டு செகண்ட் திறந்திருக்கு. மூணாக்கிடு” என்றார் மேலாளர்.

நாங்கள் லிஃப்ட்டுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். மூன்று விநாடி எந்த மூலைக்கு? ‘குண்டூசி’ என்று நாங்கள் கூப்பிடும் ஒல்லிப்பிச்சான் சோதனையாளனை வீல்சேரில் உட்கார வைத்து, எங்கள் அலுவலக லிஃப்ட்டுக்குள் ஐந்து முறை தள்ளிப் பார்த்தேன். ஒரு முறைகூட ஆறு விநாடிக்குக் குறையவில்லை. வீல்சேரில் கால் வைக்கும் தட்டு, குறுக்கே ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கதவு சென்சாருக்குக் கீழே இருப்பதால் கதவும் நிற்காது.

“சார், கால்ல இடிக்கும்.”

“அதுக்கெல்லாம் கூட ஆள் வருவாங்க. மாத்திட்டு, கமிட் குறிப்புல ‘சின்ன திருத்தம்’னு போடு. நான் ஓகே பண்றேன்.”

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. போனில் என் கணவர், “வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. அவர் சொன்னதை எழுதிட்டு வா” என்றார்.

அப்படி எழுத மாட்டேன். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் பதிவாகும் கமிட் குறிப்பு, நாளைக்கு இந்த நிரலைத் திறக்கிறவருக்கு நான் சொல்லும் பதில். முதல் வரியில் என்ன மாறியது, கீழே ஏன் மாறியது. ‘சின்ன திருத்தம்’ இதில் எது? மண்ணாங்கட்டி! எட்டை மூன்றாக மாற்றிவிட்டு, குறிப்பில் நான் எழுதியது இது:

‘கதவு திறந்திருக்கும் நேரத்தை எட்டு விநாடியிலிருந்து மூன்றாகக் குறைத்தல்.

லிஃப்ட் மெதுவாக இருப்பதாக ஆஸ்பத்திரியின் புகார். வீல்சேர் நுழைய ஆறு விநாடி ஆகிறது. ஐந்து முறை அளந்தோம். காலில் கதவு இடிக்கும். தெரிந்தே குறைக்கிறோம்.’

மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். ஓர் எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

பத்து நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். “என்னம்மா இது? என்னை மாட்டி விடறியா?”

“இதுல பொய் இருந்தா சொல்லுங்க சார், எடுத்துடறேன்.”

மறுபடி படித்தார். ஒப்புதல் கொடுத்தால் அந்தக் குறிப்புக்குக் கீழே அவர் பெயர் வரும்.

“கடைசி வரியை மட்டும் தூக்கிடு.”

“அப்ப நீங்களே உங்க பேர்ல மாத்திக்கோங்க சார். நான் எழுதினா இப்படித்தான் எழுதுவேன்.”

கடிதம் போச்சு என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் நகரவில்லை.

அவர் நிராகரிப்பை அழுத்தினார். அதற்கும் திரை காரணம் கேட்டது. வழக்கமாக ஒரு புள்ளி வைத்துத் தப்பிக்கிற மனிதர், இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார்: ‘நோயாளி காலில் இடிக்கும்.’

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“எட்டு செகண்டைக் குறைக்க முடியாதுங்க. ஏன்னு சொல்றேன், கேளுங்க.”