குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை

1.
இந்தக் கதை பிறந்தது ஒரு சின்னப் பெட்டிக்குள். கோத்தகிரிப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அரசு உதவிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது தொழில். மறுபரிசீலனை கேட்பவர் தன் காரணத்தை இருநூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறது திரையில் அந்தப் பெட்டி. மருதாம்பாள் சொன்னது அதற்குள் அடங்கவில்லை. மிச்சம்தான் இது.

2.
முதல் தொடக்கம்: 'மலைமுகட்டில் பனி இறங்கிய ஒரு காலையில், ஏழை விதவையான மருதாம்பாள் கண்ணீருடன்…'

(வேண்டாம். அன்று நல்ல வெயில். அவள் அழவும் இல்லை.)

மருதாம்பாள் ஒரு தாளை என் மேசைமேல் அறைந்தாள். "இதப் படிங்க அம்மிணி."

ஐம்பத்திரண்டு வயது. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள்; குடியிருப்பது அங்கேயே லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். கணவர் அய்யாவு இறந்து இரண்டு வருடம். விதவை உதவித்தொகைக்கு மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் ஒரே பதில்: 'விண்ணப்பதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை.'

"முப்பது வருசமா அதே லயத்துலதான் இருக்கறனுங்க. எவன் வந்து பாத்தான்?"

எவனும் வரவில்லை.

3.
(இங்கே ஒரு வாக்குமூலம்.) 'இனி யார் தயவும் வேண்டாம்' என்று என் கடைப் பலகையில் எழுதி வைத்தவள் நான். ஆனால் இங்கே பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய் நிற்பது கிராம அலுவலரின் திரையில். அவரோ கட்சிக் கிளைச் செயலாளர் வசந்த்குமாரின் முகத்தைப் பார்ப்பார். அந்த வசந்த்குமார் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, லயத்துக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டவள் மருதாம்பாள்.

"அவர ஒருக்கா பாத்துட்டு வந்துருங்கக்கா" என்று சொன்னதும் நான்தான். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

போனாள். "அடுத்த கூட்டத்துல ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க, பாஸாயிரும்" என்றாராம் வசந்த்குமார்.

"தண்ணி வந்துருச்சுங்களா, மன்னிப்புக் கேக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

4.
மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிராம அலுவலகம் போனாள். அதே பதிலை வாங்கியிருந்த லயத்துப் பெண்கள் பதினொரு பேர் கூட வந்தார்கள். (எல்லோருக்கும் பெயர் கொடுக்க நினைத்தேன். மெட்டில்டா, கோகிலவாணி என்று தொடங்கி, சின்னக் கதை தாங்காதென்று நிறுத்திவிட்டேன். அதுவும் ஒரு நிராகரிப்புதான்.)

மருதாம்பாள் தன் வாக்காளர் சீட்டை மேசையில் வைத்தாள்.

"இத எங்கூட்டு வாசல்லயே வந்து குடுத்தது வசந்த்குமாருங்க. ஓட்டுக் கேக்கறப்ப இருந்த ஊடு, பென்சன் கேக்கறப்பக் காணாமப் போயிருச்சுங்களா?"

"சிஸ்டத்துல அப்படித்தாங்க வருது" என்றார் அலுவலர்.

"சிஸ்டமா எங்க லயத்துக்கு வந்துச்சு? 'இவங்க இங்க குடியில்ல'ன்னு தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஓட்டு லிஸ்ட்லருந்து பன்னண்டு பேரையும் நாங்களே எடுக்கச் சொல்லிக்கறோம்."

போன தேர்தலில் அந்த வார்டில் வசந்த்குமார் கட்சி ஜெயித்ததே ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில்தான். அலுவலர் பேனாவை மூடினார்.

மூன்றாம் நாள் லயத்துக்கு வந்தார். மருதாம்பாள் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவள் வழியை மறித்து நின்றாள்.

"அடுத்த கதவுங்க."

பன்னிரண்டையும் பார்த்த பிறகுதான் வழி விட்டாள்.

5.
முடிவு அ: எல்லோருக்கும் பணம் வருகிறது, வசந்த்குமார் தன் படம் போட்டு பேனர் வைக்கிறார். (நடக்கவில்லை.)

முடிவு ஆ: மருதாம்பாள் தோற்று… (எழுத மாட்டேன்.)

நடந்தது இது: மருதாம்பாளுக்கு மட்டும் பாஸானது. மற்ற பதினொன்றும் 'பரிசீலனையில்'. ஓடிப்போய்ச் சொன்னேன், எழுதியவரைக்கும் படித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு வந்துருச்சுன்னு கதைய முடிச்சுப்போடாதீங்க அம்மிணி. என்னைய மட்டும் பிரிச்சு எடுத்தா மத்தவங்க அடங்கிருவாங்கன்னு நெனைக்கறாங்க."

ஆகவே முடிக்கவில்லை. திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் வட்டாட்சியர் அலுவலகம் போகிறார்கள். கடையைச் சாத்திவிட்டு நானும் போகிறேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் பத்து மணிக்கு அங்கே வாருங்கள். வந்து எங்களோடு நில்லுங்கள்.