கதவு எண் இல்லாத வீடு

கோஸிமோ டேப்பைக் கதவின் குறுக்கே மறுபடியும் வைத்து அளந்தான். முதலில் அகலம் பார்த்தான், அப்புறம் உயரம் பார்த்தான். இப்போது அளப்பது வெறும் சங்கடத்துக்காக. அளவு மாறாது என்று அவனுக்கும் தெரியும், கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த நிவெஸுக்கும் தெரியும்.

"பெட்டி உள்ள வராதும்மா," என்றான். "நேரா விட்டா இடிக்குது. சாய்ச்சு விட்டா அந்தக் கழிப்பறைக் கதவு தடுக்குது."

"அவரே குனிஞ்சுதான் வருவாரு," என்றாள் நிவெஸ். "குனிய மறந்து நெத்தியில வாங்கிக்காத நாளே கிடையாது."

கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருந்த கேம்பர் வண்டியின் பின்பக்கக் கட்டிலில் அவள் கணவர் லோரிஸ் படுத்திருந்தார். காலையில் காபி போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டபோது குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது, அதுதான் இப்போது அவளை அறுத்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண், தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று சொன்னாள். இந்தக் கரையோர ஊரில் ஈமக் காரியங்கள் பார்க்கும் கோஸிமோவை வரவழைத்ததும் அவள்தான்.

"பெட்டிய விடுங்க. போர்வையில வச்சுத் தூக்கி வெளிய கொண்டாந்துடலாம்," என்றான் கோஸிமோ. டேப் சடாரென்று சுருண்டு கூட்டுக்குள் போனது. "சிக்கல் வேற. வீட்டுல செத்தா நாளைக்குக் காலை வரைக்கும் வீட்டுலயே வச்சிருக்கலாம். இது வண்டி. மத்தியானம் நகராட்சி டாக்டர் வருவாரு. பாத்துட்டு, கல்லறைத் தோட்டத்துப் பிண அறைக்குத் தூக்குன்னுதான் சொல்வாரு."

"அங்க கூட யாரு இருப்பா?"

"யாரும் இருக்க முடியாதும்மா. சாயங்காலமானா பூட்டிடுவாங்க."

நிவெஸின் மகன் மிர்கோ அவர்கள் ஊரான ரொவீகோவிலிருந்து ரயில் ஏறிவிட்டான். இத்தாலியின் வடக்குக் கோடியிலிருந்து இந்தத் தெற்குக் கோடிக்கு வர நாளைக் காலையாகிவிடும். அதுவரை லோரிஸ் ஒரு பூட்டிய அறையில் தனியாகக் கிடப்பார். கழிப்பறைக்குள் போனால்கூடக் கதவுக்கு உள்ளேயிருந்து பேச்சை நிறுத்தாத மனுஷன் அவர். செத்ததைக்கூட அவளால் எப்படியோ நம்ப முடிந்தது. அந்தப் பூட்டை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"முடியாது," என்றாள்.

"என்ன முடியாது?"

"பூட்டி வைக்க முடியாது. இங்கயே இருக்கட்டும்."

கோஸிமோ தலையைச் சொறிந்தான். "நான் சொல்றதுல என்னம்மா இருக்கு? டாக்டர் இத வீடுன்னு ஒத்துக்கணும்."

அங்கேதான் இடித்தது. இது வீடு இல்லை என்று இத்தனை வருஷமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தவளே அவள்தான்.

லோரிஸ் சர்க்கரை ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற வருஷமே யாரிடமோ பழைய கேம்பரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். ஊர் உலகமெல்லாம் ஆகஸ்டில் கடற்கரைக்கு ஓடும். இவர் மட்டும் நவம்பரில் கிளம்புவார். ரொவீகோவில் மூடுபனி இறங்கி எதிர்வீடு மறைந்ததும், "கிளம்பு நிவெஸ், வெயில் நமக்கு முன்னாடி தெக்கே போயிடுச்சு," என்பார். கடையெல்லாம் அடைத்திருக்கும், கரையில் ஒரு நாய் மட்டும் நடக்கும், எண்ணெய்ச் செக்கு உள்ள ஊர்களில் தெருவே புது ஆலிவ் எண்ணெய் மணக்கும். அவருக்கு அதுதான் சொர்க்கம். எதிரே வேறொரு கேம்பர் வந்தால் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், அது கேம்பர்காரர்களின் வழக்கம். நவம்பரில் எதிரே யார் வருகிறார்கள்? ரொட்டி வண்டிக்குக் கையாட்டுவார். குப்பை லாரிக்குக் கையாட்டுவார். "மனுஷா, கைய ஸ்டியரிங்ல வை," என்று இவள் கத்துவாள்.

ஒவ்வொரு சாயங்காலமும் எங்கேயாவது நிறுத்தி, படிக்குக் கீழே மிதியடியைப் போட்டு, "வீடு வந்து சேந்தாச்சு," என்பார். "இது வீடா? தகர டப்பா," என்பாள் அவள். "எலி வளையானாலும் தனி வளை," என்பார். மூன்றாவது மாடியில் தரை பளபளக்கும் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும்போது, மடக்கு மேஜையில் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிட அவளுக்கு என்ன தலையெழுத்து? "வீட்டுக்குப் போனதும்" என்றுதான் அவள் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பாள். வீட்டுக்குப் போனதும் திரைச்சீலை துவைக்கணும். வீட்டுக்குப் போனதும் முட்டிக்கு டாக்டரைப் பார்க்கணும். ஆனாலும் நவம்பர் வந்தால் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதும் இல்லை.

கோஸிமோ படியில் உட்கார்ந்து யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். மழை தூறியது. வந்த ஆளுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. காபிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, பொடியை நிரப்பி, மூடியைத் திருகி அடுப்பைப் பற்ற வைத்தாள். கை தானாகவே செய்தது.

"ஐயோ, என்ன காரியம் பண்றீங்க!"

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் படியேறி வந்தாள். சாலைக்கு எதிர்ப்புற வீட்டு அஸ்ஸுந்தா. முந்தாநாள் அவளிடம்தான் லோரிஸ் காட்டுக் கீரை வாங்கினார். கீரை வாங்கப் போனவர், சமைக்கும் நேரம் தாண்டி அவள் குடும்பக் கதை முழுவதும் கேட்டுக்கொண்டு வந்தார். அஸ்ஸுந்தா உள்ளே வந்த வேகத்தில் அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் வைத்தாள்.

"சாவு வீட்டுல அடுப்பு மூட்டுவாங்களா? உங்க வடக்கத்திப் பக்கம் இதெல்லாம் கிடையாதா?"

நிவெஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தன் அடுப்பில் இன்னொருத்தி கை வைத்தால் அவள் சும்மா விடுகிறவள் இல்லை. ஆனால் காதில் 'வீட்டுல' என்ற ஒரே ஒரு சொல்தான் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"அடுப்பு மூட்டக் கூடாதுன்னேன். சோறு தண்ணி எல்லாம் அக்கம்பக்கத்துல இருந்துதான் வரணும். நீங்க அவரு பக்கத்துல உக்காருங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்." பின்பக்கம் எட்டிப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டாள். அப்புறம் கோஸிமோவைப் பார்த்து, "டேய், படியில உக்காந்திருக்கியே, வர்றவங்க எப்படி ஏறுவாங்க? எழுந்திரு," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சாலையைத் தாண்டிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கோழிச் சாறு கொண்டுவந்தாள். ஒருத்தி மொச்சை மசியலை மூடிய தட்டில் கொண்டுவந்தாள், அதன்மேல் கீரை. யார் இவர், எந்த ஊர் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி கழிப்பறைக் கண்ணாடிமேல் துணியைப் போட்டார்கள். உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம், மற்றவர்கள் அஸ்ஸுந்தா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் குடை பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே ஏறுகிற ஒவ்வொருத்தியும் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் ஏறினாள். நிவெஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் டாக்டர் கிரேக்கோ வந்தார். ஒல்லியான, சளி பிடித்த மனிதர். வெளியே உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். உள்ளே போய் லோரிஸைப் பரிசோதித்துவிட்டு வந்து மடக்கு மேஜையில் உட்கார்ந்தார். முழங்கையை இடித்துக்கொண்டார்.

"வருத்தமா இருக்கும்மா," என்றார். "ஆனா இது வண்டி. நாலு சக்கரம் இருக்கு. இங்க வைக்க நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அஸ்ஸுந்தா கதவிலிருந்தே ஆரம்பித்தாள். "டாக்டர், உங்கப்பா செத்தப்ப சாறு கொண்டாந்தது யாரு?"

"நீங்கதான்."

"எங்க கொண்டாந்தேன்?"

"வீட்டுக்கு."

"நான் பொறந்ததுல இருந்து ஒரு காருக்குச் சாறு கொண்டுபோனதில்ல. இன்னைக்கும் கொண்டுவரல."

வெளியே யாரோ, "அப்படிக் கேளு!" என்றார்கள். டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சட்டம் சாறைப் பாக்காது அஸ்ஸுந்தா," என்றார். நிவெஸ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ரொவீகோவுல உங்களுக்கு வீடு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப இது?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. மேஜையின் விளிம்பைத் தடவினாள். அங்கே பிளாஸ்டிக் பட்டை பெயர்ந்த இடத்தில் லோரிஸ் பசை போட்டு ஒட்டியிருந்தார், கோணலாக.

"டாக்டர், இது வீடு இல்லன்னு தினம் சண்டை போட்டவ நான்," என்றாள். "அவரு வீடுன்னு சொல்லுவாரு. நான் தகர டப்பாம்பேன். நேத்து ராத்திரி படுக்கப் போறப்பகூடச் சொன்னேன், வீட்டுக்குப் போனதும் ஒழுங்கான மெத்தையில படுக்கணும்னு. அவரு சிரிச்சிட்டுத் திரும்பிப் படுத்தாரு. இங்கதான் படுத்தாரு, இங்கதான் செத்தாரு. செருப்பு கட்டிலுக்குக் கீழ இருக்கு, மூக்குக் கண்ணாடி ஜன்னலோரம் இருக்கு." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இன்னைக்கு அவரால வாதாட முடியாது. அதனால நான் சொல்றேன். இது வீடு. எங்க வீடு. என் புருஷன் அவரு வீட்டுல இருக்காரு, அவரத் தூக்கிட்டுப் போய்ப் பூட்டாதீங்க."

கூரையில் தூறல் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"முகவரி?"

அஸ்ஸுந்தாதான் சொன்னாள். "கடற்கரைச் சாலை. என் வீட்டுக்கு எதிர்ல."

"கதவு எண்?"

"எனக்கே கிடையாது. இந்தக் கரையில யாரு வீட்டுக்கு எண் இருக்கு?"

"அதுவும் சரிதான்," என்று முனகிக்கொண்டு டாக்டர், கடற்கரைச் சாலை, எண் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது தலை கூரையில் இடித்தது.

அன்று சாயங்காலம் நிவெஸை அந்தப் பெண்கள் சாப்பிட வைத்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கையால் லோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கோழிச் சாறு குடித்தாள். ரொட்டி வண்டிக்குக் கையாட்டிய கதையைச் சொன்னாள். ஒருத்தி சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நிவெஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அஸ்ஸுந்தா கிண்ணத்தை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

காலையில் மிர்கோ வந்தான். தாடி மழிக்காமல், அப்பாவின் அதே பெரிய காதுகளோடு, கதவில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கொஞ்ச நேரம் அவனை உள்ளே தனியாக விட்டார்கள். பிறகு ஆண்கள் நான்கு பேர் லோரிஸைப் போர்வையோடு தூக்கி, தோளைக் கொஞ்சம் திருப்பி, படிவழியாக வெளியே கொண்டுவந்தார்கள். பெட்டி சவுக்கு மரத்தடியில் காத்திருந்தது. ரொவீகோவில் அடக்கம் செய்வதற்காக அமரர் வண்டி முன்னால் போகும், மிர்கோ கேம்பரை ஓட்டிக்கொண்டு பின்னால் போவான் என்று ஏற்பாடு.

கிளம்பும் சமயம் கோஸிமோ பசை வாளியும் ஒரு காகிதச் சுருளுமாக வந்தான். கேம்பரின் கதவை ஈரத்துணியால் துடைத்து, கறுப்புக் கரை போட்ட ஒரு காகிதப் பட்டையைக் குறுக்காக ஒட்டினான். 'என் கணவருக்காகத் துக்கம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சாலையில் அஸ்ஸுந்தா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கதவில் அதே மாதிரிப் பட்டை ஒன்று வெளுத்து, பாதி கிழிந்து தொங்கியது.

"இது எதுக்கு?" என்றான் மிர்கோ.

"சாவு நடந்த வீட்டுக் கதவுல ஒட்டுவோம் தம்பி," என்றாள் அஸ்ஸுந்தா. "கையால பிய்க்கக் கூடாது. வெயிலும் மழையுமே எடுத்துட்டுப் போயிடும்." நிவெஸின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "போயிட்டு வா. ஊர் போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

கடலை வலப்பக்கம் வைத்து வடக்கே போனார்கள். மிர்கோவுக்கு கேம்பர் ஓட்டிப் பழக்கமில்லை, வளைவுகளில் பின்னால் தட்டுகள் சலசலத்தன. வழியில் அங்கோனா நகரம் தாண்டி டீசல் போட நிறுத்தினான். பக்கத்து காரிலிருந்து ஒரு குழந்தை கதவைக் காட்டி ஏதோ கேட்க, அதன் தாய் அவசரமாக அதன் கையை மடக்கினாள். காபி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"அம்மா, எல்லாரும் இதையே பாக்கறாங்க," என்றான் மிர்கோ. "ஊர்ல யாருக்கும் இந்த வழக்கம் தெரியாது. பிச்சுடவா? ஏற்கனவே ஒரு ஓரம் கிளம்பிடுச்சு."

நிவெஸ் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தாள். வழியெல்லாம் அடித்த காற்றில் பட்டையின் கீழ் மூலை பெயர்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. மழை வலுக்கத் தொடங்கியிருந்தது. மிர்கோ குடையை எடுத்துவர உள்ளே போனான்.

அவள் அந்த மூலையைக் கட்டை விரலால் நீவி, கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.