திரையில் திரும்பிய வண்டி

பகல் காட்சி. நடு வரிசை முழுக்க டாக்சி ஓட்டுநர்கள், சீருடையைக்கூட மாற்றாமல். தங்கள் பிழைப்பைப் பற்றிய படமென்று படக்காரர்களே அவர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்திருந்தார்கள். மற்ற வரிசைகளில் காசு கொடுத்து வந்த கூட்டம். திரையில் கதாநாயகனின் டாக்சி மழையில் மிதந்து போனது. குறுக்கே ஒரு சைக்கிள் பாய்ந்ததும், நடு வரிசையின் அத்தனை வலது கால்களும் தரையை ஓங்கி மிதித்தன. ஒரே சிரிப்பு. மெதுவாக ஓட்டுவதால் கூட்டாளிகள் ‘நத்தை’ என்று கூப்பிடும் அவரும் சிரித்தார். பக்கத்தில் மனைவி. குளிர்ந்த இருட்டும் மழைச் சத்தமுமாக, வேறு யாரோ வண்டியோட்ட, தாம் பின்சீட்டில் சாய்ந்து எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் சுகமாக இருந்தது அவருக்கு.

பிறகு திரையில் கதாநாயகனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவனுடைய தாய், "வண்டிச் சத்தம் கேக்குதா? வந்துட்டானா?" என்று கேட்டாள்.

நத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருடைய அம்மாவின் கடைசிப் பேச்சு. கூட இருந்த மனைவி சொல்லித்தான் அவருக்கே தெரியும். படத்துக்குக் கதை சேகரிக்க வந்து ஒரு நாள் முழுக்க வண்டியில் சுற்றிய பெண்ணிடம், மனசு இளகி எல்லாவற்றையும் கொட்டியிருந்தார். மனைவியிடம் மறைத்ததையும் சேர்த்து.

அம்மா இறந்த அன்று போனில் சார்ஜ் இல்லை என்றுதான் மனைவியிடம் சொல்லியிருந்தார். உண்மையில் ஆஸ்பத்திரி நர்ஸிடமிருந்து போன் வந்தது. பின்சீட்டில் விமானம் பிடிக்கப் போகிறவர் இருந்தார். எவ்வளவோ கெஞ்சியும், "பாதியில இறக்கிவிட்டா புகார் கொடுப்பேன்" என்றுவிட்டார். ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் கம்பெனி வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பயணியை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரையில் கதாநாயகன், "மன்னிச்சிடுங்க சார்" என்று வண்டியைத் திருப்பினான். பயணி கண்கலங்கி, "என் விமானம் கிடக்குது, நீ அம்மாவைப் பாருப்பா" என்றார். கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது. ஓட்டுநர்கள் விசிலடித்தார்கள்.

மனைவி மட்டும் தட்டவில்லை.

"இது அத்தை பேசுனதாச்சே. அன்னைக்கு போன் வந்துச்சா?"

"வந்துச்சு. சவாரி இருந்துச்சு. நான் திருப்பல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகன் தாயின் கையைப் பிடித்திருந்தான்.

"வண்டிச் சத்தம் கேக்குது அத்தை, வாசல்ல நிறுத்திட்டு வர்றாருன்னு சொன்னேங்க. வாசலையே பாத்துக்கிட்டுப் போயிடுச்சு அந்த உசிரு."

படம் விட்டு வெளியே வந்தால் வெயிலில் கண் கூசியது. அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போனில் சவாரி வந்தது.

"போங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்."

ஏறியவர் அதே படம் பார்த்துவிட்டு வந்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன மனுஷன்யா அந்த டிரைவர்! கல்லும் கரைஞ்சுடும்" என்றார். கதவைச் சாத்தினார். "கொஞ்சம் விரட்டுங்க, எனக்கு லேட்டாயிடுச்சு."

பஸ் நிறுத்தத்தில் மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். வண்டி நிற்காமல் அவளைக் கடந்தது.