ரீத்தாவின் தோள்

1935 ஆடியில் கடல் சீறிக்கொண்டிருந்தது. கரையேறிய கட்டுமரத்தில் மீன் எடுக்கப் போன ரீத்தாவை அலை தூக்கி அந்த மரத்தின் மேலேயே அடித்தது. எழுந்து பார்த்தபோது வலக்கை துவண்டு கிடந்தது. தோளருகே காறை எலும்பின் நுனி தோலைத் தள்ளிக்கொண்டு நின்றது.

வைத்தியர் எண்ணெயிட்டு அழுத்திக் கட்டினார். கட்டை அவிழ்த்ததும் எலும்பு மறுபடி எழும்பியது. மீன்கூடையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை. கணவன் மரியஜான் அவளை மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

“எலும்பைப் பிடிச்சு வச்சிருந்த நாரு அறுந்துபோச்சு. கீறி, வெள்ளிக் கம்பி போட்டுக் கட்டணும். உள்ள பழுக்கவும் செய்யலாம், சொல்லிப்போட்டேன்” என்றார் டாக்டர் ஞானதாசன்.

“கீறாண்டாம் டாக்டரே. கை போனாலும் ஆளு வேணும்” என்றான் மரியஜான்.

“கை எனக்க கையாக்கும். கீறட்டு” என்றாள் ரீத்தா.

கீறல் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சில நாளில் காய்ச்சல் வந்தது; தையலின் ஓரம் சிவந்து சீழ் கசிந்தது. டாக்டர் தையலைப் பிரித்து, உப்புநீரால் கழுவினார்.

“அந்தக் கம்பிய எடுத்துப்போடுங்க” என்று மரியஜான் கெஞ்சினான்.

“இப்ப எடுத்தா எலும்பு பழையபடி எழும்பும். சதை பிடிக்கது வரை பொறுப்போம். காய்ச்சல் கூடினா எடுத்திருவேன்.”

சொன்னாரே தவிர, அவருக்கும் பயம்தான். புண்ணை வேறு யாரிடமும் விடாமல் தானே கழுவிக் கட்டினார். மெல்லக் காய்ச்சல் இறங்கியது. புண் ஆறிச் சதை இறுகியபின் கம்பியை எடுத்தார். எலும்பு எழும்பவில்லை.

ஆனால் கை நெஞ்சுக்கு மேலே போகவில்லை.

“இதுக்கா கீறினீங்க?” ரீத்தா அழுதாள்.

“கட்டுல கெடந்த மூட்டு இறுகத்தான் செய்யும். வலிச்சாலும் கைய மேல பொக்கணும்.”

மரியஜான் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். அவள் விரல்களால் சுவரேறி அதைத் தொட வேண்டும். தொட்டால் மறுநாள் கொஞ்சம் மேலே வைப்பான். வலியில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏச்சைக் கேட்டுக்கொண்டே அவன் சுவரில் தன் கையை உயர்த்தினான்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலையில் அவள் அரைக்கூடை சாளையோடு ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றாள். டாக்டர் மீனைப் பார்க்கவில்லை. அவள் தலையிலிருந்து கூடையை இறக்கியதைத்தான் பார்த்தார்.

“திரும்பத் தூக்கு, பாப்போம்.”

“மீனு வாங்குங்க, தூக்குதேன்” என்றாள் ரீத்தா.