கனகசெட்டிக்குளத்துக் காயா மரங்கள்

வெட்டிய கிளைகளில் இலைகூட இன்னும் வாடவில்லை. தாமரைச்செல்வி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றவும் தோன்றாமல் நின்றாள். ஐயனார் கோயிலுக்குப் பின்னால் காயா மரங்கள் அடர்ந்து நின்ற இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்குக் கட்டைகள் மட்டும் மிச்சம்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, தாவரவியல் படித்து, காயா இனத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். அந்த இனத்தில் பல வகைகள் மலைக்காட்டு மழையில் வளர்பவை. இந்த ஒரு வகைதான் கடலோரத்து வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கிக்கொண்டு புதுச்சேரியைச் சுற்றியுள்ள கோயில் காடுகளில் நிற்கிறது. கோடையில் கிளையெல்லாம் நீலம் அப்பியதுபோலப் பூக்கும். பழத்தைச் சின்னான் குருவிகள் தின்று விதையைப் பரப்பும். ஒப்பந்த வேலையில் அவள் இந்த மரங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியபின் ஒரு காடு சாலைக்குப் போனது, இன்னொன்று மனைப்பிரிவுக்குப் போனது. இன்று விதை சேகரிக்கலாம் என்று வந்தால் இது.

கோயில் கமிட்டித் தலைவர் ஆதிமூலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். சொந்தப் படகு வைத்திருப்பவர்.

"வாங்க மேடம். ஒங்களுக்குப் போன் பண்ணணும்னுதான் இருந்தேன். வேலையில மறந்துட்டேன்."

"மண்டபமா அண்ணா?"

"ஆமா. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் டவுன்ல போயி மண்டபம் தேட வேண்டியிருக்கு. எத்தினி நாளைக்குத்தான் வெயில்ல பந்தலப் போட்டு ஆக்கிப் போடறது?"

அதை அவளால் மறுக்க முடியவில்லை. "போன வருசமே சொன்னேனே, இந்த மரத்த மட்டும் உட்ருங்கன்னு."

"சொன்னீங்க, இல்லேங்கல. ஆனா நீங்க எப்பவோ ஒருக்கா வந்துட்டுப் போறீங்க. நாங்க தெனமும் இங்கதான கெடக்கறோம்?"

அவர் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவளை இன்னும் சோர வைத்தது.

"ஜேசிபி எப்ப வருது?"

"நாளைக்கு. கட்டைய வேரோட எடுத்துரும்."

"வேர உட்டா துளிர்க்கும் அண்ணா. வெட்டினா இது சாகாது. தோண்டினாத்தான் சாகும்."

"துளிர்த்து மரமாவ எத்தினி வருசம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இதே மாதிரி ஆவறத நாம ரெண்டு பேரும் பாக்க மாட்டோம்."

ஆதிமூலம் சிரித்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, மேஸ்திரியைக் கூப்பிட்டார். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டை ஒட்டி மூவரும் வெயிலில் நடந்தார்கள். சமையல்கட்டு வரப்போகும் இடத்துக்குப் பின்னால் ஒரு கட்டை கோட்டுக்கு வெளியே இருந்தது.

"இத உட்டுடறோம். போதுமா?"

"ரெண்டா உடுங்க அண்ணா. ஒத்த மரமா நின்னா காய் சரியாப் புடிக்காது."

"அடுத்தது இருக்கற எடத்துல செப்டிக் டேங்க் வருது மேடம்," என்றார் மேஸ்திரி.

அந்த டேங்க்கைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள். மூடியை எங்கே வைப்பது, லாரி எப்படித் திரும்பும் என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. கல்லூரியில் யாரும் கற்றுத்தராத பாடம் இது என்று தாமரைச்செல்வி நினைத்துக்கொண்டாள். கடைசியில் ஆதிமூலமே சலித்துப்போய், "கொஞ்சம் தள்ளிப் போட்டுத் தொலையேன்யா," என்றார். மேஸ்திரி காலால் கோட்டை அழித்தார்.

மற்ற கட்டைகளைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

விறகுக்காக மீன்காரி அங்கம்மாள் கிளைகளை இழுத்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பொறுங்கம்மா, பழத்தப் பறிச்சுக்கறேன்," என்று தாமரைச்செல்வி தரையில் உட்கார்ந்தாள். பெரும்பாலும் செங்காய். கறுத்துப் பழுத்தவை சொற்பம். காயாவின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, ஈரம் போனால் உயிரும் போய்விடும். கையோடு கொண்டுபோய் ஊன்ற வேண்டும். அங்கம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து பறித்துப் போட்டாள்.

"இதுக்கு ஒனக்கு சம்பளம் தர்றாங்களா கண்ணு?"

"டிசம்பரோட முடியுது."

"அப்பறம் இன்னா பண்ணுவ?"

"தெரியலம்மா."

"வேற வேல கெடைக்காமயா போயிரும்," என்று சொல்லிவிட்டு அங்கம்மாள் அடுத்த கிளையை இழுத்தாள்.

டிசம்பரில் வேலை முடிந்தது. தாமரைச்செல்வி ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். காலையிலிருந்து மாலைவரை வகுப்பு, விடைத்தாள். ஊன்றிய விதைகளில் முளைத்தவை கொஞ்சம். அதிலும் பாதி பட்டுப்போயின. மிஞ்சியவற்றை வீட்டு மாடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவந்தாள். அடுத்த கோடை முடிந்து, மழை விழத் தொடங்கியபின்தான் கனகசெட்டிக்குளத்துக்குப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அவற்றில் ஒரு நாற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

மண்டபத்தில் கல்யாணம். ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். டேங்க்கை ஒட்டிய கட்டை செத்திருந்தது. சிமெண்டுச் சட்டி கழுவிய தண்ணீரையெல்லாம் அதன் மேலேயே ஊற்றியிருந்தார்கள், வேர்வரை வெள்ளையாக இறுகிக் கிடந்தது. சமையல்கட்டுக் கட்டையைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கிழிந்த மீன்வலையைக் கட்டியிருந்தார்கள். உள்ளே இடுப்புயரத்துக்குத் துளிர்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அங்கம்மாள் நிமிர்ந்தாள். "வந்துட்டியா கண்ணு? ஆடு மேஞ்சிக்கினே இருந்துச்சு. தொரத்தித் தொரத்தி அலுத்துப்போயி ஆதிமூலம்தான் கட்டுனாரு. திட்டிக்கினேதான் கட்டுனாரு."

தாமரைச்செல்வி செத்த கட்டையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். சமையல்காரரிடம் கடப்பாரை வாங்கி, வலைக்குள்ளேயே சற்றுத் தள்ளிக் குழி தோண்டினாள். விரல் நீள நாற்று. நட்டதும் மண்ணில் கண்ணுக்கே தெரியவில்லை. இன்னொரு குச்சியைத் தேடி அதன் பக்கத்தில் ஊன்றினாள்.

"கையக் கழுவிட்டு வாங்க மேடம், கடைசிப் பந்தி," என்று உள்ளேயிருந்து ஆதிமூலம் கத்தினார்.

இடுப்பு வலித்தது. இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.