கர்ட்டின் பதினோரு ஆட்டங்கள்

டிவிக்குக் கீழே கேசட்டும் வயரும் குவிந்து கிடக்கிற வீட்டைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு ரிமோட் என்று ஆக்கினால்தான் நிம்மதி. இரும்புச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மினசோட்டாவின் வடக்குக் கோடியில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் ஏழு வீடுகளில், டிவிக்கென்றே தனி கம்ப்யூட்டர் செய்து வைத்திருக்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாய்விட்டுக் கேட்டவர், எட்டாவதாக, என் அண்ணி மார்லிஸ் ஒருவர்தான். அண்ணன் கர்ட் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

கர்ட் இருபது வருடம் பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்கு உள்ளூர் கேபிள் சேனலில் வர்ணனை செய்தவன். முகம் ஒரு தடவைகூடத் திரையில் வந்ததில்லை. குரல் மட்டும்தான். சேனலை மூடியபோது மிஞ்சிய பதினோரு கேசட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவற்றை ஓட்டும் கருவி கெட்டுப்போனதால் சும்மா கிடந்தன.

"எனக்குப் படம்கூட வேண்டாம் டேல்," என்றார் அண்ணி. "அவர் பேசறதைக் கேட்டா போதும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா, வீட்ல பிரிட்ஜ் சத்தம் மட்டும்தான் கேக்குது."

"அதை என்கிட்ட விடுங்க மார்லிஸ். பட்டனை அமுக்கினா கர்ட் பேசுவான்."

செய்தேன். நன்றாகவே செய்தேன். ஃபேன் சத்தம் துளியும் கேட்காத பெட்டி. ஓட்டும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொரு கேசட்டையும் இரண்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டு கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன். ஒலி அளவு காட்டும் பச்சைக் கோடு துள்ளுகிறதா என்று மட்டும் கண்ணை வைத்திருந்தேன். அண்ணன் என்ன பேசினான் என்று ஒரு வார்த்தை காதில் வாங்கவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆட்டங்களை முதலில் 'சினிமா' என்ற பகுதியில்தான் போட்டேன். அங்கே போட்டால் மென்பொருள் தானாகவே இணையத்தில் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு போஸ்டர் ஒட்டிவிடும். கர்ட்டின் ஒரு ஆட்டத்துக்குப் பேய்ப்படப் போஸ்டர் வந்தது. இன்னொன்றுக்கு நீச்சல் உடையில் இரண்டு பெண்கள்.

"உங்க அண்ணனுக்கு இது தெரிஞ்சிருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்," என்று அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. திரை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. பதினோரு ஆட்டங்களையும் 'பதிவான நிகழ்ச்சிகள்' என்ற பகுதிக்கு மாற்றினேன். அங்கே தேதி வாரியாக அழகாக வரிசையில் நின்றன. கூடவே, அவர் கேட்காமலேயே, வாராவாரம் டிவியில் வருகிற ஃபுட்பால் ஆட்டங்கள் தானாகப் பதிவாகவும் ஏற்பாடு செய்தேன்.

ரிமோட்டில் மூன்று பட்டன் தவிர மற்றதையெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தேன்.

"இந்த மூணைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. தொட்டீங்கன்னா நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், ஆமா."

"நான் எதுக்குப்பா தொடப்போறேன்? சரி, கேசட்டெல்லாம் எங்க?"

"குப்பைக் கிடங்குல போட்டாச்சு. இனிமே அந்தக் குப்பை எதுக்கு உங்களுக்கு?"

அண்ணியின் முகம் ஒரு மாதிரி ஆனது. வால்நட் ரொட்டியில் பாதியை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், புதிதாகச் சேர்த்த சினிமாக்களுக்கு இடம் போதவில்லை என்று, என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியையும் அழித்தேன். ஊரில் எல்லோருக்கும் 'பிரதி எடு, பிரதி எடு' என்று ஓதுகிறவன் நான்.

அது அக்டோபர். மார்ச்சில் பனி இளகத் தொடங்கியதும், பெட்டியில் தூசி தட்டலாம் என்று போனேன். பட்டியலைத் திறந்தால் ஃபுட்பால், ஃபுட்பால், ஃபுட்பால். கர்ட்டின் ஆட்டம் ஒன்றே ஒன்று இருந்தது.

"மார்லிஸ், மத்த பத்தும் எங்க? எதையாவது அமுக்கித் தொலைச்சீங்களா?"

அவர் சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன் டேல். மன்னிச்சுக்கோ. ஒண்ணு பாத்து முடிச்சா அது மறுநாள் இருக்கறதில்ல. தப்பா எதையோ அமுக்கறேன்னு, ஆறாவது ஆட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒத்தை விரலால அமுக்கினேன். அதுவும் போயிடுச்சு."

பெட்டியின் அமைப்புகளைத் திறந்தேன். 'பதிவான நிகழ்ச்சிகள்: பார்த்து முடித்ததும் அழித்துவிடு.' பக்கத்தில் என் கையால் போட்ட டிக். டிஸ்க் நிரம்பாமல் இருக்க எல்லா வீட்டிலும் வழக்கமாகப் போடுகிற டிக். ஃபுட்பாலுக்குப் போட்டது கர்ட்டுக்கும் சேர்ந்துவிட்டது.

"ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?"

"தொடாதேன்னு அவ்வளவு சொல்லிட்டுப் போனே. திட்டுவேன்னு பயந்தேன்."

"போயிடும்னு தெரிஞ்சும் ஏன் பாத்தீங்க?"

அண்ணி என்னை நேராகப் பார்த்தார். "அவர் பொறந்த நாள் வந்துது. அப்புறம் கிறிஸ்துமஸ். பசிச்சா சாப்பிடாம எப்படி இருக்கறது? இந்த ஒண்ணை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வெச்சிருக்கேன்."

அழிந்ததைச் சில சமயம் மீட்க முடியும். மதியம் முழுக்க முட்டிப் பார்த்தேன். கர்ட் இருந்த இடமெல்லாம், யாரும் பார்க்காத ஃபுட்பால் ஏறி உட்கார்ந்திருந்தது. குப்பைக் கிடங்குக்கு இனி போய்ப் பயனில்லை. அவ்வளவுதான், என் அண்ணனின் குரல் உலகத்தில் இன்னும் இரண்டு மணி நேரம்தான் பாக்கி.

பொய் சொல்லியிருக்கலாம். பட்டனை மாற்றி அமுக்கிவிட்டீர்கள் என்று சொன்னால் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரை வந்ததுதான்.

"தப்பு உங்க மேல இல்ல மார்லிஸ். நான் போட்ட அமைப்பு அது. நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குளிர்காலம் பூரா கர்ட் படத்துக்கு முன்னால நின்னு மன்னிப்பு கேட்டேன்டா," என்றார். "என் கையாலயே உங்களை அழிக்கறேனேன்னு."

எழுந்து பெட்டியின் பக்கம் போனேன். "இந்த ஒண்ணையாவது எடுத்துட்டுப் போய் நாலு பிரதி போட்டுடறேன். ஒரு மணி நேர வேலைதான்."

"அதைத் தொடாதே."

"டிஸ்க்குக்கு ஆயுசு ரொம்ப நாள் கிடையாது மார்லிஸ். ஒருநாள் படுத்துக்கும். அப்போ இதுவும் போயிடும்."

"போன தடவையும் இதே குரல்லதான் எல்லாம் சொன்னே." குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார். பிறகு எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் கோபம் வந்தாலும் காபி ஊற்றுவோம்.

மூன்று வருடம் ஆகிறது. பெட்டி டிவிக்குக் கீழேயே பிளக் இல்லாமல் இருக்கிறது. போன ஈஸ்டருக்குச் சாப்பிடப் போனபோது, பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தேன்.

"பிரதி வேண்டாம், விடுங்க. நீங்களாவது போட்டுக் கேளுங்க. அந்த டிக்கை அன்னிக்கே எடுத்துட்டேன். இனிமே எத்தனை தடவை பாத்தாலும் அழியாது. சத்தியமா."

அண்ணி உருளைக்கிழங்குக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"அழியாதுதான் போல," என்றார். "ஆனா அதைச் சொல்றது நீயாச்சே."