குளத்தில் மிச்சமிருந்த தண்ணீர்

ஏலச்செடிகளுக்கு அமினோ அமிலம் தெளிக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான். ஏலப்பாறையில் நான் போகும் விவசாய மாலை வகுப்பில் கேட்டது. வெயில் கடுமையாகும் முன்பே இலையில் தெளித்தால் செடி வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் தண்ணீருக்கு அது மாற்று அல்ல. இரண்டையும் சொன்னேன். அப்பா காதில் முதலாவது மட்டும் தங்கிவிட்டதோ என்னவோ.

ஜனவரியில் தோட்டம் முழுக்கத் தெளித்தோம். அங்கங்கே ஒரு வரிசையை விட்டுவைத்தால்தான் மருந்தின் பலன் தெரியும் என்றேன். அப்பா மோட்டாரை நிறுத்தவில்லை.

"ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு இன்னொண்ணப் பட்டினி போடச் சொல்லுதியாட்டி சிஞ்சு?"

மார்ச் முடிவதற்குள், மழைநீர் பிடிக்கத் தார்ப்பாய் விரித்து வெட்டியிருந்த படுதாக்குளம் வற்றிவிட்டது. அடியில் கிடந்த தண்ணீர் பாதித் தோட்டத்துக்கு ஒரு தடவை ஊற்ற ஆகும். ஜீப் மட்டும் ஏறும் பாதையில் தண்ணீர் லாரி வராது. மேல்பாதியில் பலா நிழலில் செடிகள் நின்றன. மேற்கு வெயில் விழும் கீழ்பாதியில் தண்டுகள் மடிந்து கிடந்தன.

அப்பா மருந்து பாட்டிலோடு வந்தார். பின்னால் மோட்டார்க்காரன் ரிஜின் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மேல நிக்கிறது மருந்தாலதான். கீழ இன்னொரு தடவ அடிச்சா எந்திச்சிரும்," என்றார் அப்பா.

"நிழலாலயும் இருக்கலாம்பா."

"இருக்கலாம், இருக்கலாம். உங்க கிளாஸ்ல இந்த ஒரு வார்த்ததான் சொல்லிக் குடுக்காவளா?"

"மாமா, நாளைக்கு மாப்பிள்ள பாத்தாலும் 'நல்லவனா இருக்கலாம்'னுதான் சொல்லுவா," என்றான் ரிஜின்.

நான் சிரிக்கவில்லை. "வாடுன இலைல அடிச்சுப் பிரயோஜனமில்லப்பா. இருக்கிற தண்ணிய வேர்ல ஊத்தணும்."

"எல்லாத்துக்குமா?"

"பங்கு வச்சா எதுக்கும் பத்தாது."

"அப்ப எதுக்கு? நீதான படிக்க. சொல்லு."

மேல்பாதி தண்ணீர் இல்லாமலே தாங்குமா? நின்றது மருந்தாலா, நிழலாலா? ஜனவரியில் ஒரே ஒரு வரிசையை விட்டிருந்தால் இப்போது பார்த்துச் சொல்லியிருப்பேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மேல," என்றேன். "நிக்கிறதையாவது காப்பாத்தணும்."

அப்பா பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினார். "ஊத்துடே," என்று ரிஜினிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ரிஜின் ஹோஸை என்னிடம் தந்துவிட்டு மோட்டாரைப் போட்டான். நான் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஹோஸைப் பிடித்தேன். கீழே அப்பா ஒரு தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பது தெரிந்தது.

"சிஞ்சு, உள்ள பச்ச இருக்குட்டி, உசிரு போவல," என்று கூப்பிட்டார்.

குளத்தில் தார்ப்பாயின் மடிப்புகள் தெரியத் தொடங்கியிருந்தன. ஹோஸை அடுத்த செடிக்கு நகர்த்தினேன்.

"கேக்குதா? பச்ச இருக்கு."